அறுபத்திரண்டு கதவுகள்

அத்தியாயம் 9

போன வாரம் இந்த வீட்டைவிட்டு நாம் வெளியே வந்தபோது, மெக்கானிக் முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த மாதத்தோடு லிஃப்ட் குழிக்குள் இறங்குவதையும் ஏறுவதையும் நிறுத்திக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் கால் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

இருபத்தோரு வருடம் லிஃப்ட்டுகளோடு குடித்தனம் நடத்தியவருக்கு நாற்பத்தாறு வயதில் இரண்டே வழிதான் மிச்சம். கம்பெனி குடோனில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுப்பது ஒன்று. கம்பெனி புதிதாகத் தொடங்கியிருக்கும் தகவல் பாதுகாப்புப் பிரிவில் ஓர் இடத்தைப் பிடிப்பது இன்னொன்று. அங்கே இருப்பது இரண்டு இடம், கேட்டு நிற்பவர்கள் பதினோரு பேர்.

எந்தச் சான்றிதழ் பரீட்சைக்குப் படிக்கப்போகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் ஒரே ஒரு பெயரை எழுத வேண்டும். தேர்வானால் கம்பெனி நான்கு மாதம் படிக்க விடும். ஏடாகூடமாக எதையாவது எழுதினால் குடோன்தான்.

கடைசி நேரம் இன்று மாலை ஐந்து மணி.

காலையில் கூடத்துக்கு வந்த மெக்கானிக் அப்படியே நின்றுவிட்டார். சுவரையே காணவில்லை. ஜன்னல் ஓரத்திலிருந்து அலமாரி வரை தாள் தாளாக ஒட்டியிருந்தது. ஸ்டூல் மேல் நின்றபடி குட்டி வாயில் டேப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மிதிச்சிடாதீங்க மாமா, கீழே இன்னும் மூணு தாள் இருக்கு."

"என்ன குட்டி இதெல்லாம்?"

"உங்க எதிர்காலம்."

குட்டி அவர் மனைவியின் தங்கை. முப்பது வயதாகியும் வீட்டில் அவள் பெயர் மாறவில்லை. கண்ணாடியாலேயே கட்டிய இருபது மாடி அலுவலகம் ஒன்றில் தகவல் பாதுகாப்பு வேலை பார்க்கிறாள். 'எங்க பில்டிங்ல ஈ கூட பர்மிஷன் வாங்கிட்டுத்தான் பறக்கணும்' என்று வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

"தகவல் பாதுகாப்புல இருக்கிற சான்றிதழ் எல்லாம் இதுல இருக்கு. நானூத்துக்கு மேல கட்டம். கீழ இருக்கிறது ஆரம்பக்காரங்களுக்கு, மேல போகப் போகக் கஷ்டம்."

மெக்கானிக் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். பச்சையில் ஒரு கூட்டம், நீலத்தில் ஒரு கூட்டம், சிவப்பில் ஒரு கூட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பரீட்சை. ஒவ்வொரு பரீட்சைக்குப் பின்னாலும் எத்தனை புத்தகமோ, எத்தனை பேருடைய படிப்போ. இத்தனை காலம் இந்த உலகம் நம் கண்ணில் படாமல் எங்கே இருந்தது என்று அவருக்கு மலைப்பாக இருந்தது. கட்டங்களை எண்ணத் தொடங்கியவர் எழுபதோடு விட்டுவிட்டார்.

"இந்த உச்சியில இருக்கிறது?"

"சிஐஎஸ்எஸ்பி. பெரிய மரியாதை. ஆனா இந்தத் துறையில அஞ்சு வருஷ அனுபவம் கேப்பாங்க. இந்த வரிசை தணிக்கை, நிறைய எழுதணும், உங்களுக்குக் கொட்டாவி வரும். இதோ, இது ஓஎஸ்சிபி. ஒரு நாள் முழுக்க உக்காந்து கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து காட்டணும். நிஜமாவே உடைச்சுக் காட்டணும் மாமா! இதை எழுதிப் போட்டீங்கன்னா பாக்கிறவங்க வாயைப் பிளப்பாங்க."

"ஒரு நாள் முழுக்கவா!" மெக்கானிக் இப்போதே வாயைப் பிளந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு மனைவி வந்தாள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பன்னிரண்டு வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தே வாழ்ந்தவள் என்பதால் எதற்கும் சட்டென்று அசர மாட்டாள்.

"பெயின்ட் உரிஞ்சு வந்துச்சுன்னா ரெண்டு பேரையும் உரிச்சிடுவேன்" என்றபடி சுவரை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, இதுல லேர்னர்ஸ் எது?"

"என்னக்கா?"

"எங்க கிட்ட வர்ற எல்லாரும் மொத நாளே ஹைவேயில ஓட்டணும்னுதான் கேப்பாங்க. லேர்னர்ஸ் லைசென்ஸ் இல்லாம சீட்லயே உக்கார விட மாட்டேன். இவருக்கு லேர்னர்ஸ் எது?"

குட்டி வேண்டாவெறுப்பாகக் கீழ் வரிசையில் ஒரு கட்டத்தைக் காட்டினாள். "செக்யூரிட்டி பிளஸ். அடிப்படை. அதை எல்லாரும்தான் எழுதுவாங்க. பதினோரு பேர்ல மாமா தனியாத் தெரிய வேணாமா?"

மெக்கானிக்கின் மனசு ஏற்கெனவே அந்தச் சிவப்புக் கட்டத்துக்கு ஓடிவிட்டது. கைக்காகிதத்தில் பென்சிலால் ஓஎஸ்சிபி என்று எழுதியும் வைத்துவிட்டார். பென்சிலை வைக்கும்போதுதான் அலமாரிக்குப் பின்னால் மடங்கிக் கிடந்த ஒரு தாளின் ஓரத்தைக் கவனித்தார்.

"அங்க என்ன இருக்கு?"

"அது ஒரு சின்ன மூலை மாமா. நமக்கு வேணாம். கிளம்புங்க, பத்து மணிக்கு உங்களை வரச் சொல்லியிருக்காங்கல்ல?"

இடம் கேட்ட பதினோரு பேரையும் இன்று புதுப் பிரிவின் கண்காணிப்பு அறைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம். எதை நம்பிச் சேரப்போகிறோம் என்று கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அந்த அறையை நடத்தும் மேடத்தின் ஏற்பாடு. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டவர், அளந்துதான் பேசுவார்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எதிர்ச்சுவர் முழுவதும் திரை. அதில் நூறு நூறாக மெல்லிய பச்சைக் கோடுகள், சில ஏறின, சில இறங்கின, சில நின்று மூச்சு வாங்கின. சத்தமே இல்லை.

"ஆயிரத்து நானூறு லிஃப்ட்" என்றார் மேடம். "நம்ம கம்பெனி பாத்துக்கிற எல்லாம். இந்த நிமிஷம் இதுக்குள்ள மூவாயிரம் பேராவது இருப்பாங்க."

தன் வாழ்நாளில் அவர் ஒரு நேரத்தில் ஒரு லிஃப்ட்டைத்தான் பார்த்திருக்கிறார். அதுவும் அடியிலிருந்தோ மேலிருந்தோ, கிரீஸ் நாற்றத்துக்கு நடுவில். இப்போது மொத்த ஊரும் அவர் கண்முன்னால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் நீர் முட்டியது. வெட்கப்பட்டுத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், அந்த மூணாவது வரிசையில ஒண்ணு... கண் ஆஸ்பத்திரி லிஃப்ட்தானே? மூணாவது மாடி வந்தா ஒரு நொடி தயங்கும். இருபது வருஷமா அப்படித்தான்."

மேடம் கீபோர்டில் தட்டிப் பார்த்தார். கண் ஆஸ்பத்திரிதான். அவர் புருவம் லேசாக உயர்ந்தது.

"இந்தச் சிவப்புப் புள்ளி எல்லாம் பழுதா?" என்று கேட்டார் மெக்கானிக். திரையின் அடியில் அவை விடாமல் முளைத்து முளைத்து மறைந்தன.

"இல்ல. யாரோ கதவைத் தட்டுறாங்க. போன வருஷம் ஒவ்வொரு லிஃப்ட் மோட்டார் ரூம்லயும் ஒரு சின்னப் பெட்டி மாட்டினோமே, இங்கிருந்தே லிஃப்ட்டைப் பாக்கிறதுக்கு? நாம பாக்க வழி வச்சா, மத்தவனும் எட்டிப் பாக்க வழி ஆச்சு. ஒரு மணி நேரத்துக்கு எட்டாயிரம் தட்டு."

"எட்டாயிரமா! யாரு?"

"பாதி நேரம் ஆளே கிடையாது. புரோகிராம். உலகத்துல எந்த மூலையில இருந்தும் வரும். இப்போதைக்கு வெளிவாசல்லயே நிறுத்திடுறோம். அதைத் தாண்டி ஒண்ணு வந்துட்டா, லிஃப்ட்டுக்குக் காவல் ரிப்பேருக்கு நீங்க அமுக்குற அந்த நாலு இலக்க சர்வீஸ் நம்பர் மட்டும்தான்."

"தட்டுறப்போ என்ன நம்பர் போடுது?"

"மொதல்ல நாலு பூஜ்யம். அப்புறம் ஒண்ணு ரெண்டு மூணு நாலு. அப்புறம் தேதிங்க."

"தேதியா?" அவர் குரல் உள்ளே போயிற்று.

"பொறந்த நாள், கல்யாண நாள். மனுஷங்க பாசத்துலதானே நம்பர் வைக்கிறாங்க? வருஷத்துக்கு மொத்தமே முன்னூத்தி அறுபத்தாறு தேதி. அதுக்கு நிமிஷக்கணக்குதான் ஆகும்."

மேடம் அதற்குப் பிறகு சொன்னது எதுவும் மெக்கானிக்கின் காதில் ஏறவில்லை.

ஆட்டோ பிடித்து நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். மொட்டைமாடிக்குப் போகும் கடைசி பதினெட்டுப் படிகளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மோட்டார் ரூம் பூட்டைத் திறந்து, கன்ட்ரோல் பெட்டியின் இரும்புக் கதவைத் திறந்தார்.

கதவின் உட்பக்கம் நீல மார்க்கரில் நான்கு எண்கள். 1711. ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு போடுவது அவர் வழக்கம். இந்த ஏழுக்கும் குறுக்குக்கோடு இருந்தது.

லிஃப்ட் மெக்கானிக்குகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சர்வீஸ் நம்பரை அந்தக் கதவின் உட்பக்கத்திலேயே எழுதி வைப்பார்கள். நடுவில் லிஃப்ட் மாட்டிக்கொண்டு உள்ளே ஆள் அலறும்போது, அடுத்து வருகிற மெக்கானிக் நம்பருக்காக ஊரெல்லாம் போன் போட்டு அலையக் கூடாது. எழுதாதவனைத்தான் சுயநலக்காரன் என்பார்கள். பூட்டிய ரூமுக்குள், பூட்டிய பெட்டிக்குள் எழுதினால் யார் பார்க்கப்போகிறார்கள்? தன் பொறுப்பில் இருந்த எல்லா லிஃப்ட்டுக்கும் ஒரே நம்பர் வைத்தார் நம் மெக்கானிக். மறக்காமல் இருக்க வேண்டுமே! நவம்பர் பதினேழு, அவர் கல்யாண நாள்.

மொத்தம் அறுபத்திரண்டு கதவுகள்.

அந்த நம்பர் தெரிந்தவன் லிஃப்ட்டை நிறுத்தலாம், இறக்கலாம். லிஃப்ட் வந்து நிற்காத மாடியிலும் கதவைத் திறந்துவிடலாம். கண்கட்டோடு வருகிற நோயாளி திறந்த கதவை நம்பிக் காலை வைத்தால்?

சட்டைக் கையால் எண்களைத் தேய்த்தார். போகவில்லை. போனாலும் பிரயோஜனம் இல்லை என்பது அதற்குள் புரிந்துவிட்டது. எழுதியதை அழிக்கலாம், உள்ளே வைத்த நம்பர் அப்படியேதான் இருக்கும். ஒவ்வொன்றாகப் போய்ச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. யாருக்கும் தெரியாது, வேலைக்கும் பங்கமில்லை. அறுபத்திரண்டு மொட்டைமாடிகள். இந்தக் காலோடு இரண்டு மாதமாவது ஆகும்.

இரண்டு மாதத்தில் எத்தனை எட்டாயிரம் தட்டு என்று கணக்குப் போட அவருக்குத் துணிவில்லை.

மதியம் வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் அலமாரியை நகர்த்தினார். மடங்கிக் கிடந்த தாளை விரித்தார். மூலையில் ஐந்தாறு கட்டங்கள், தலைப்பில் இயந்திரக் கட்டுப்பாட்டுப் பாதுகாப்பு என்று இருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: அணைகள், மின்நிலையங்கள், ரயில் சிக்னல்கள், லிஃப்ட்டுகள்.

அந்தக் கடைசிச் சொல்லை விரலால் தொட்டுப் பார்த்தார். அவ்வளவு பெரிய வரைபடத்தில் தன் லிஃப்ட்டுக்கும் யாரோ இடம் வைத்திருக்கிறார்கள்! அந்தத் தாளை மட்டும் உரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான்கு மணிக்கு மனைவி காரோடு வந்தாள். குட்டி மதியத்துக்கு மேல்தான் அலுவலகம் போயிருந்தாள், அவளையும் கூட்டிக்கொண்டு வீடு திரும்புவதாக ஏற்பாடு. கண்ணாடிக் கட்டடத்துக்கு எதிரே, மரத்தடியில் காரை நிறுத்தியபோது மணி நான்கு இருபது.

"காலையில இருந்து முகமே சரியில்ல. என்னங்க ஆச்சு?"

அவர் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

மனைவி முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"வருஷா வருஷம் நவம்பர் பதினேழு காலையில நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். உங்களுக்குச் சாயங்காலம்தான் ஞாபகம் வரும். நானும் சரி, இந்த மனுஷனுக்கு அவ்வளவுதான்னு மனசைத் தேத்திக்கிட்டேன்." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அறுபத்தி ரெண்டு இடத்துல எழுதி வச்சுட்டு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே! தினம் அந்த நம்பரை அமுக்கிட்டுதான் வேலை பாத்தீங்களா?"

"தினம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி, அதை வீட்டுல பேசிக்கலாம். இதைச் சொன்னா வேலை போகுமா?"

"போகலாம். நம்பரை எழுதி வைக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. எல்லாரும்தான் எழுதுறோம். ஆனா நானா போய் மாட்டிக்கிறவன் நான் ஒருத்தன்தான்."

"சொல்லலைன்னா?"

"யாராவது உள்ள போகலாம்."

"லிஃப்ட்டுக்குள்ள யாரு இருப்பாங்க?"

அவள் கால் பழக்க தோஷத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார். கார் ஓடவே இல்லை.

"குழிக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்சுல உங்க சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில வச்சுக்குவீங்க. அந்தச் சாவி எவன் கையிலயும் இருக்கக் கூடாதுன்னு என்கிட்டயே எத்தனை தரம் பீத்திக்கிட்டீங்க! மேல ஏறிப் போறவங்களுக்கும் அந்தப் பூட்டு வேணும்ல?"

மெக்கானிக் போனை எடுத்து விண்ணப்பத்தைத் திறந்தார். மணி நான்கு நாற்பது. பின்கதவைத் திறந்துகொண்டு குட்டி வந்து விழுந்தாள்.

"அனுப்பிட்டீங்களா மாமா? ஓஎஸ்சிபிதானே?"

"இல்ல குட்டி." அவர் ஒரு விரலால் தட்டிக்கொண்டே சொன்னார். "மத்தவன் பூட்டை உடைக்க அப்புறம் கத்துக்கிறேன். பூட்டுன்னா என்னன்னே எனக்கு இன்னும் தெரியலை. செக்யூரிட்டி பிளஸ்தான் போடுறேன். அது முடிச்சுட்டு இதுக்குப் போவேன்." சட்டைப் பையிலிருந்த தாளை நீட்டினார்.

குட்டி மடிப்பைப் பிரித்துப் படித்தாள். லிஃப்ட்டுகள் என்ற சொல்லில் அவள் கண் நின்றது. "நான் இதை அலமாரிக்குப் பின்னால தள்ளிட்டேன்ல?" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கடைசிக் கேள்வி: நீங்கள் நேரில் கண்ட ஒரு பாதுகாப்புக் குறை, அதற்குக் காரணம்.

அவர் எழுதினார். 'அறுபத்திரண்டு லிஃப்ட்டுகளில் ஒரே சர்வீஸ் நம்பர், 1711. பெட்டிக் கதவில் எழுதியும் இருக்கிறது. காரணம் நான். விலாசங்கள் கீழே. தயவுசெய்து இன்றே மாற்றவும்.' அறுபத்திரண்டு விலாசங்களையும் நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார், குட்டி போனைப் பிடுங்கிப் பத்து விரலும் பறக்கத் தட்டினாள். நடுவில் ஒரு தரம் தலையைத் தூக்கி, "எல்லாம் மனப்பாடமா மாமா?" என்றாள். அந்தக் குரலில் காலையில் இருந்த கேலி இல்லை.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

எதிரே கண்ணாடிக் கட்டடத்தின் வெளிப்பக்கத்தில் கண்ணாடி லிஃப்ட் ஒன்று வெயிலை வாங்கிக்கொண்டு ஏறி இறங்கியது. மெக்கானிக் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த லிஃப்ட்டும் அவர் கம்பெனியுடையதுதான், ஆனால் ஒரு நாளும் அவர் கை பட்டதில்லை. அது வேறு குழுவின் பொறுப்பு.

ஐந்து இருபத்தைந்துக்குப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். மேடம்.

"விண்ணப்பம் படிச்சேன். என் சர்வீஸ்ல இப்படி எழுதிக் கொடுத்தவர் நீங்கதான் மொதல் ஆள். உங்களை வச்சுக்கிறதா அனுப்புறதான்னு நாளைக்குப் பேசலாம். இப்ப வேற ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க மேடம்."

"உங்க லிஸ்டை வச்சு எல்லா நம்பரையும் இங்கிருந்தே மாத்த ஆரம்பிச்சோம். அதுக்கு முன்னாடி, 1711 எங்கெல்லாம் இருக்குன்னு மொத்த லிஃப்ட்லயும் தேடிப் பாத்தோம். நீங்க அறுபத்தி ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம். சத்தியமா."

"எங்களுக்கு அறுபத்தி மூணு வருது. அந்த அறுபத்தி மூணாவதுல உங்க நம்பரை யாரோ செவ்வாய்க்கிழமைதான் புதுசா வச்சிருக்காங்க."

செவ்வாய்க்கிழமை அவர் முழங்காலில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மனைவியின் கை தானாக அவர் தோளைப் பற்றியது.

"எந்த பில்டிங் மேடம்?"

மேடம் விலாசத்தைப் படித்தார். பாதியிலேயே குட்டியின் கையிலிருந்த தாள் நழுவியது. அவள் தினமும் வேலைக்குப் போகிற விலாசம் அது.

மூவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். எதிரே, வேலை முடிந்தவர்களை அழைத்துவரக் கண்ணாடி லிஃப்ட் காலியாக மேலே போய்க்கொண்டிருந்தது. பதினான்காவது மாடியில் ஆறு பேர் அதற்காகக் காத்து நின்றார்கள்.

மெக்கானிக் காரின் கதவைத் திறந்தார். வலிக்கும் காலைத்தான் முதலில் தரையில் ஊன்றினார்.